துட்டுக்கு எட்டுக் கொட்டைப்பாக்கு: அம்மான் பதில்கள்

(இந்தக் கிழமை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "எந்த நாட்டுத் தமிழன் பெரியவன்?" என்ற ஒரே கேள்விதான். யாரோ ஒருவர் வீட்டு விருந்தில் பெரிய சண்டை நடந்திருக்கிறது போல. சோதிடமும் கிரிக்கெட்டும் கேட்டவர்கள் அடுத்த கிழமைவரை பொறுங்கோ.)

கனடாத் தமிழன் பெரியவனா, சுவிஸ் தமிழன் பெரியவனா, அம்மான்?
— திருநெல்வேலிச் சந்தை வியாபாரி

காசுக் கணக்கிலா, கடன் கணக்கிலா? கடனில் கனடாக்காரனை அடிக்க ஆளில்லை. வீட்டுக்கு மோட்கேஜ், காருக்கு லீஸ், மகளின் கலியாணத்துக்கு இன்னொரு கடன். சுவிஸ்காரன் பெரும்பாலும் வாடகை வீட்டில். அந்த நாட்டில் வெள்ளைக்காரரிலேயே பாதிக்கு மேற்பட்டோர் வாடகைக்குத்தான் இருக்கிறார்கள். கடனில்லாத சொந்த வீடு இரண்டு பேருக்கும் இணுவிலில் இருக்கிறது. அதில் குடியிருப்பது வௌவால்.

எங்கள் ஆட்கள் எங்கே போனாலும் முன்னுக்கு வருவது இரத்தத்தில் ஊறிய குணம் என்கிறேன். சரிதானே?
— ஓய்வுபெற்ற அதிபர், சுன்னாகம்

இரத்தம் ஒன்றுதான், ஐயா. ஊரும் ஒன்று, ஒழுங்கையும் ஒன்று. 1983க்குப் பிறகு, ஏஜென்சிக்குக் கட்டக் காணி விற்கக்கூடியவன் கனடா போனான். தோணிக்காரனுக்குக் கொடுக்க மட்டும் காசிருந்தவன் மண்டபம் போனான்.

முதலாமவனின் பேத்தி ரொறன்ரோவில் சட்டத்தரணி. இரண்டாமவனின் பேத்தி தமிழ்நாட்டு முகாமில் பிறந்து, அங்கேயே பட்டமும் எடுத்து, இன்னும் இந்தியப் பிரசை ஆகவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அயல்நாடுகளின் பெயரைச் சொன்னது. இலங்கை அதில் இல்லை. ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இப்போதும் முகாம்களில்.

இந்த வித்தியாசத்தை இரத்தப் பரிசோதனையில் தேடாதேயுங்கோ. காணி உறுதியில் தேடுங்கோ.

அமெரிக்காவில் தாய்லாந்து வம்சாவளியினர் வசதியானவர்களா, செக் வம்சாவளியினர் வசதியானவர்களா? ஒப்பாய்வுக் கட்டுரை எழுத வேண்டும்.
— பல்கலைக்கழக மாணவன், பரமேஸ்வராச் சந்தி

பேரனையும் பூட்டனையும் ஒரே ஓட்டப்பந்தயத்தில் விட்டு, யார் முந்தியது என்று கேட்கிறீர், தம்பி.

செக் ஆட்கள் 1850களிலேயே ரெக்ஸாஸ், நெப்ராஸ்கா என்று மண் கொத்தப் போனவர்கள். 1862இல் வந்த சட்டம், நெப்ராஸ்காப் பக்கம் குடியேறி ஐந்து வருடம் உழுதவனுக்கு 160 ஏக்கர் கொடுத்தது. இன்று அவர்களின் நாலாம், ஐந்தாம் தலைமுறை நடக்கிறது. மொழி போய்விட்டது, கொலாச்சி என்ற பணியாரம் மிச்சம்.

தாய்லாந்துக்காரர் பெரும்பாலும் 1965 குடிவரவுச் சட்டத்துக்குப் பிறகு வந்தவர்கள்: தாதிமார், மாணவர், சமையல்காரர். அப்போது காணி கொடுத்து முடிந்துவிட்டது. அடுப்படிதான் காலியாக இருந்தது.

வந்த ஆண்டை எழுதாமல் வருமானத்தை மட்டும் எழுதினால் அந்தக் கட்டுரை வெறும் சாதகக் குறிப்பு. இதை மேற்கோள் காட்டாதேயும். அம்மானுக்கு முனைவர் பட்டம் இல்லை, புள்ளி வெட்டுவார்கள்.

அந்த இரண்டு பகுதியிலும் பெயர் சொல்லும்படி யாராவது உண்டா?
— அதே மாணவனின் அறைத்தோழன்

மக்டொனால்ட்ஸை ஊரூராகப் பரப்பிய ரே குரொக் செக் வழிவந்தவர். கொல்ஃப் வீரர் டைகர் வூட்ஸின் தாய் தாய்லாந்துக்காரி. சாப்பாட்டுக்கடையும் பந்து விளையாட்டும்! யாழ்ப்பாணத்தில் பிறந்திருந்தால் இருவரையும் இழுத்துக்கொண்டுபோய் ரியூசனில் விட்டிருப்போம்.

ஒரு சமூகத்தின் சராசரி வருமானத்தைப் பார்த்தால் அதன் தராதரம் தெரிந்துவிடாதா?
— கணித ஆசிரியை, கொக்குவில்

1995 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் எல் மொன்டேயில் ஒரு கட்டடத்தைப் பொலிஸ் சுற்றி வளைத்தது. முட்கம்பிக்குள் வருடக்கணக்கில் அடைத்துவைத்து உடுப்புத் தைக்க வைத்திருந்த 72 தாய்லாந்துத் தொழிலாளர் வெளியே வந்தார்கள், அநேகம் பேர் பெண்கள். அடைத்து வைத்திருந்த முதலாளிக் குடும்பம் எந்த நாடு? அதுவும் தாய்லாந்து.

இரண்டு தரப்பையும் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துப் பாருங்கோ, ரீச்சர். எல்லாரும் நடுத்தர வர்க்கம்.

எங்கள் பேரனார் மலாயாப் பென்சனியர். அவர் கோட்டுப் போட்டு வீதியில் இறங்கினால் ஊரே எழும்பி நிற்குமாம். இப்போது வெளிநாட்டால் வருகிறவர்களுக்கு அந்த மரியாதை இல்லையே, ஏன்?
— மானிப்பாய் வாசகி

பேரனாரின் கோட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, பிள்ளை. 1823இல் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் செமினறி தொடங்கியது. எங்கள் பெடியள் ஆங்கிலத்தில் கடிதம் எழுதப் பழகிவிட்டார்கள். அந்த நூற்றாண்டு முடிகிற காலம் மலாயாவில் ரயில் பாதை விழுந்தது. கணக்கெழுத, ரிக்கெற் கொடுக்க, நிலம் அளக்க ஆங்கிலம் தெரிந்த, வெள்ளைக்காரனை விட மலிவான ஆள் தேவை. பேரனார் சேர்ட்டிபிக்கற்றோடு கப்பல் ஏறினார். மாதாமாதம் மணியோடர் வந்தது, ஓலைக் கூரைக்கு ஓடு ஏறியது.

அதே காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து றப்பர் தோட்டத்துக்குப் போன தமிழனும் தமிழன்தான். அவனுக்குச் சேர்ட்டிபிக்கற் இல்லை, கங்காணி இருந்தான். மொழி ஒன்று, கடவுள் ஒன்று, சம்பளப் புத்தகம் வேறு. மூன்று தலைமுறை கழிந்தும் மலேசியாவில் அந்தக் கோடு முழுதாக அழியவில்லை.

மரியாதைக்கு வருவோம். பேரனாரை வெள்ளைக்காரனே வேலைக்குக் கூப்பிட்டான். இப்போது போகிறவர்கள் கூப்பிடாமலே போய்க் கதவு தட்டியவர்கள். ஆனாலும் கவலை வேண்டாம், சம்பந்தம் பேசும்போது ஊர் அவர்களுக்கும் எழும்பித்தான் நிற்கிறது.

சிங்கப்பூரில் எங்கள் ஆட்கள் உச்சிக்குப் போனது எப்படி?
— சங்கானை வாசகர்

1915இல் வட்டுக்கோட்டையில் பிறந்த சி. இராஜரத்தினம் 1965இல் அந்த நாட்டின் முதல் வெளிவிவகார அமைச்சர். இலங்கைத் தமிழ் வம்சாவளியில் வந்த தர்மன் சண்முகரத்தினம் 2023இல் 70.4 வீத வாக்கோடு ஜனாதிபதி.

அங்கே நாங்கள் சிறுபான்மைக்குள் சிறுபான்மை. "நம்ம ஆள்" என்று சொல்லி வாக்குக் கேட்க வழியில்லை. வேறு வழியின்றித் தகுதியைச் சொல்லிக் கேட்க வேண்டியதாய்ப் போச்சுது.

யாழ்ப்பாண வேர் கொண்டவர்களில் பெரிய பணக்காரர் யார்?
— சீட்டுப் பிடிப்பவர், நெல்லியடி

மலேசியாவின் ஆனந்த கிருஷ்ணன். 1938இல் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து 2024 நவம்பரில் காலமானார். தொலைபேசி, தொலைக்காட்சி, செய்மதி எல்லாம் அவருடையவையாக இருந்தன. இரட்டைக் கோபுரம் எழும்பியதிலும் அவர் கை உண்டு. மகனோ தாய்லாந்துக் காட்டில் பிட்சை ஏற்கும் புத்த பிக்கு.

குடிசன மதிப்பீட்டு உத்தியோகத்தர் காட்டுக்குள் போனால் என்ன எழுதுவார்? வருமானம்: பூச்சியம். தொழில்: இல்லை. சமூக அந்தஸ்து: எழுதுகிறவரே விழுந்து கும்பிட வேண்டும்.

தாய்லாந்துக்கும் தமிழருக்கும் வேறு ஏதாவது தொடர்பு?
— கரவெட்டி வாசகர்

இருக்கிறது, சிரிக்கிற தொடர்பில்லை. 1942, 43இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீற்றர் ரயில் பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏற்றிப்போன தமிழர் பல்லாயிரம் பேர் அங்கேயே மாண்டார்கள்.

அந்தப் பாதையின் பாலத்தைப் பற்றி 1957இல் வந்த ஆங்கிலப் படம் ஒஸ்கார்களை அள்ளியது. படத்துப் பாலத்தைக் கட்டியது எங்கள் கித்துல்கலவில். கதையில் பாலம் கட்டுகிறவர்கள் வெள்ளைக்காரக் கைதிகள். இலங்கைக்கு வந்து எடுத்த படத்தில்கூடத் தமிழனைக் காணவில்லை.

மலையகத் தமிழரை "இந்தியாவால் வந்தவர்கள்" என்று எங்கள் ஊரில் இன்னும் சொல்கிறார்களே?
— வாசகி, கிளிநொச்சி

சொல்கிறவரிடம் தந்தை செல்வா எங்கே பிறந்தவர் என்று கேளுங்கோ. மலாயாவில், ஈப்போவில். 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத்தாரை நாடற்றவர் ஆக்கியபோது எதிர்த்து நின்று, கட்சியை விட்டு வெளியேறி, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தொடங்கிய மனிதர்.

1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் பங்கு பிரித்தார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேர் "பிறகு பார்ப்போம்". ஆட்களை யாரும் கேட்கவில்லை.

நாடில்லாமல் இருப்பது எப்படி என்பது யாழ்ப்பாணத்தானுக்கு அகதி விண்ணப்பம் நிரப்பும்போதுதான் தெரிந்தது. மலையகத்துப் பிள்ளைக்கு எங்கள் குசினியில் வேலைக்கு நின்ற நாளிலேயே தெரியும்.

மாப்பிள்ளைக்குக் கனடாவில் சொந்த பிஸ்னஸாம். எப்படி உறுதிப்படுத்துவது?
— பெண்ணின் தகப்பன், உரும்பிராய்

வருமான வரிப் பத்திரத்தைக் கேளுங்கோ. உடனே எடுத்துக் காட்டினால் பிஸ்னஸ் படுத்துவிட்டது. ஒளித்தால் கலியாணத்தைப் பேசலாம்.

ஸ்காபரோவில் சாமத்தியச் சடங்குக்குப் பிள்ளையை ஹெலிகொப்டரில் இறக்கினார்களாம். இது தேவையா?
— குப்பிழான் வாசகி

ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் பங்கருக்குள் பாய்ந்த தலைமுறை அது, பிள்ளை. இப்போது வாடகைக்குப் பிடித்து, மாலை போட்டு, வீடியோக்காரனை நிறுத்திப் பார்க்கிறார்கள். மனநல வைத்தியர் இதைவிடக் கூடக் காசு கேட்பார்.

லண்டன் தமிழருக்குள் ஏன் இரண்டு கோஷ்டி?
— பெயர் வேண்டாம், கொழும்புத்துறை

இரண்டு கப்பல். 1950கள், 60களில் போனவர் டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன். 80களுக்குப் பிறகு போனவர் பெற்றோல் செட்டில் இரவு வேலை, பகலில் கடை. முதலாமவர் இரண்டாமவரைக் கோயிலில் கண்டால் ஆங்கிலத்தில் சுகம் விசாரிப்பார்.

2024இல் ஸ்ராற்ஃபோட் அன்ட் போ தொகுதியில் உமா குமரன் வென்று பாராளுமன்றம் போனார். யுத்தத்துக்குத் தப்பிப் போன பெற்றோரின் மகள். டொக்டர் ஐயாமார் இப்போது "எங்கட பிள்ளை" என்று நல்ல தமிழில் கதைக்கிறார்கள்.

முதன்முதல் ஜேர்மனிக்குப் போனவர்கள் எந்த வழியால் போனார்கள்?
— பருத்தித்துறை இளைஞன்

சோவியத் விமானத்தில் மொஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பேர்லின், அங்கே நகர ரயில் ஏறினால் மேற்கு பேர்லின். தன் சொந்தப் பிரசை மதிலில் ஏறினால் சுட்ட அரசாங்கம், எங்கள் பெடியனுக்கு வழிவிட்டு ரயிலேற்றி அனுப்பியது.

நோர்வேக்கு எங்கள் ஆட்கள் மீன் வெட்டப் போனவர்கள்தானே? அங்கே என்ன நிலை?
— குருநகர் வாசகர்

உங்கள் ஊரிலிருந்தே இப்படிக் கேட்கலாமா! 1956இல் நோர்வே போன முதல் தமிழர் என்று சொல்லப்படுகிற அந்தோனி இராஜேந்திரம் பிறகு திரும்பி வந்து, நோர்வேக்காரரின் உதவியோடு சீநோர் நிறுவனத்தைத் தொடங்கினார். படகும் வலையும் இங்கே வந்தன. அந்தத் தொடர்பைப் பிடித்துப் பின்னால் போனவர்கள் பலர் வட துருவத்துப் பக்கம், ஃபின்மார்க்கில், மீன் ஆலைகளில் விறைத்தார்கள்.

அவர்களின் பிள்ளைகள் உயர்கல்வியில் நோர்வேக்காரரின் பிள்ளைகளையே முந்துகிறார்கள் என்று அந்நாட்டுப் புள்ளிவிபரத் திணைக்களம் சொல்கிறது. மூன்று வயதில் போன கம்ஷாஜினி குணரத்தினம் 2011 உத்தோயாப் படுகொலையில் நீந்தித் தப்பினார். 2015இல் ஒஸ்லோவின் துணை மேயர், 2021இல் பாராளுமன்ற உறுப்பினர்.

பெற்றோர் மீன் வெட்டினார்கள். பிள்ளைகள் இப்போது பட்ஜெட் வெட்டுகிறார்கள்.

சுவிஸில் மருமகன் பல்கலைக்கழகம் போகாமல் பதினாறு வயதில் வேலை பழகப் போய்விட்டான். அக்கா அழுகிறா.
— தாய்மாமன், அளவெட்டி

அக்காவின் கண்ணீரைத் துடையுங்கோ. அங்கே பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதுதான் வழி: கிழமையில் சில நாள் வேலைத்தலம், மிச்ச நாள் பள்ளிக்கூடம், மாதம் முடியக் கைச்செலவுக்குக் காசு. ஐம்பதாயிரம் அளவிலான சுவிஸ் தமிழரில் முதல் தலைமுறை உணவகத்தில் கோப்பை கழுவியது. இரண்டாம் தலைமுறை இந்தப் பயிற்சியைப் பிடித்து அலுவலகத்துக்குள்ளும் வங்கிக்குள்ளும் நுழைந்தது.

மருமகன் இருபது வயதில் முழுச்சம்பளம் எடுப்பான். இங்கே அவனுடைய மச்சான் அந்த வயதில் மூன்றாம் தரம் ஏ.எல். எழுதிக்கொண்டிருப்பான்.

பிரான்சில்?
— அவசர வாசகர், கோண்டாவில்

பாண். 2023இல் பாரிஸின் சிறந்த பகெத்துக்கான பரிசு இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜாவுக்கு. ஒரு வருடம் ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் கொடுக்கும் உரிமையும் கூடவே வந்தது. கோண்டாவிலில் பேக்கரி போட்டிருந்தால் நீங்கள் பெண் கொடுத்திருப்பீர்களா?

புலம்பெயர்ந்தவர்களைப் பற்றியே கதைக்கிறீர்கள். சோனகதெருவிலிருந்து போனவர்கள்?
— புத்தளத்திலிருந்து ஒரு வாசகர்

நியாயமான அடி. 1990 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேறச் சொன்னார்கள். இரண்டு மணி நேர அவகாசம். ரொறன்ரோ போனவனுக்குக் குடியுரிமை கிடைத்து, வீடு கிடைத்து, தமிழ் மரபுத் திங்களும் கிடைத்தது. புத்தளம் பஸ் ஓடுகிற தூரம்தான். அவர்களை ஒருவரும் ஸ்பொன்சர் பண்ணவில்லை.

கனடாவில் தமிழரின் வீட்டு வருமானம் பெரிதாமே?
— வங்கி உத்தியோகத்தர், யாழ். நகரம்

எத்தனை பேர் சேர்ந்து உழைத்தது என்று கேட்டீர்களா? தகப்பன் இரவு ஃபாக்டரி, தாய் பகல் பராமரிப்பு நிலையம், மகன் படித்துக்கொண்டே பகுதிநேரம், நிலக்கீழ் அறையில் வாடகைக்காரன். நாலு வருமானம், ஒரு கூரை. வெள்ளைக்காரன் வீட்டில் இரண்டு வருமானம், ஒரு நாய். ஆளுக்கு இவ்வளவு என்று பிரிக்கிறபோது நாய்க்குப் பங்கு போடுவதில்லை.

கனடாவில் எங்கள் பெயர் எப்போது அடிபடத் தொடங்கியது?
— சாவகச்சேரி வாசகர்

1986 ஆகஸ்ட் 11. நியூபவுண்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரைக் கஸ் டால்ட்டன் என்ற மீனவர் கண்டு கரைசேர்த்தார். இந்தியாவிலிருந்து நேரே வந்தோம் என்றார்கள். வந்தது மேற்கு ஜேர்மனியிலிருந்து. பத்திரிகைகள் கிழித்தன, கனடா வைத்துக்கொண்டது.

2011இல் ராதிகா சிற்சபைஈசன் முதல் தமிழ் எம்.பி. 2025 மே மாதம் கரி ஆனந்தசங்கரி பொதுப் பாதுகாப்பு அமைச்சர். கனடாவின் எல்லைக் காவல் அந்த அமைச்சுக்குள்தான் வருகிறது.

விசிற்றர் விசாவுக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்டு அம்மானுக்கு எழுத வேண்டாம். அமைச்சரைத் தெரியாது.

ஒரு இடமும் போகாமல் இங்கேயே இருந்த எங்களுக்கு என்ன அந்தஸ்து?
— கோப்பாய் வாசகர்

முகாமையாளர். கையில் ஆறு வீட்டுத் திறப்பு, மூன்று வளவுத் தேங்காய்க் கணக்கு, ஒரு கோயில் திருவிழா உபயம். எதுவும் எங்கள் பெயரில் இல்லை.

டென்மார்க்கில் இருப்பது கொஞ்சப் பேர். அங்கே எங்களுக்கு ஏதாவது செல்வாக்கு உண்டா?
— கடைசிக் கடிதம், ஊர்காவற்றுறை

1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், மனைவி பிள்ளைகளைக் கூப்பிடத் தமிழர் போட்ட விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக மேசையிலேயே கிடப்பில் போட வைத்தார். விஷயம் வெளியே வந்து, விசாரணை நடந்து, 1993 சனவரியில் பிரதமர் போல் ஷுலுத்தர் பதவி விலகினார். 1995இல் அமைச்சருக்கு நாலு மாத ஒத்திவைத்த சிறை. டேனிஷ்காரர் இன்றும் அதைத் "தமிழர் வழக்கு" என்றுதான் சொல்கிறார்கள்.

கொழும்பில் ஒவ்வொரு பிரதமரோடும் ஒப்பந்தம் எழுதினோம், ஊர்வலம் போனோம், சத்தியாக்கிரகம் இருந்தோம். ஒரு கதிரைகூட ஆடவில்லை. கொப்பன்ஹேகனில் மனுசியைக் கூப்பிட ஒரு ஃபோம் நிரப்பினோம்.